நோயாளிக்குப் பணிவிடை: அன்பு மட்டும் போதுமா?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. முஸ்லிம்கள் மதீனாவிலிருந்து பத்ரை நோக்கிப் புறப்படுகிறார்கள். உஸ்மான் (ரழி) அவர்களும் புறப்பட வேண்டியவர்களே. ஆனால் அவர்களின் மனைவி, நபிகளாரின் அருமை மகளார் ருகையா (ரழி) அவர்கள் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். மனைவிக்குத் துணையாக மதீனாவிலேயே தங்கும்படி உஸ்மான் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய நன்மையும் பங்கும் அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

நோயாளிக்குப் பணிவிடை செய்வதன் அந்தஸ்து என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே படுக்கையில் இருந்தவர் மனைவி, பணிவிடை செய்தவர் கணவர். இதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் நமது வீடுகளைப் பார்ப்போம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ-9 வீதியில் அமைந்த ஊர் நாலந்தா. வெளியூரார் அதை அங்குள்ள பழைமையான கெடிகேயைக் கொண்டு அறிவர். அங்கும் சரி, சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, ஒரு வீட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போனால் நம் காதில் விழும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. "உம்மாவுக்குச் சீனி." "வாப்பாவுக்கு கேஸ்ட்ரிக்." "மாமிக்கு ஈரல் வருத்தமாம்." "தாத்தாவுக்குத் தைரொயிட்." அகஞ்சுரக்கும் சுரப்பிகளிலும் சமிபாட்டு உறுப்புகளிலும் வருகின்ற இந்நோய்கள் இன்று வீட்டுக்கு வீடு குடியிருக்கின்றன.

2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பரிசோதிக்கப்படும் வரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர்.

இது ஊசி போட்டு ஒரு வாரத்தில் மாறிவிடும் காய்ச்சல் அல்ல. ஆயுள் முழுவதும் கூடவே வருவது. விடியற்காலையில் பஸ் பிடித்து மாத்தளை பொது வைத்தியசாலைக்கோ தம்புள்ளை வைத்தியசாலைக்கோ போய், கிளினிக் கொப்பியோடு வரிசையில் காத்திருந்தால், டொக்டர் பார்ப்பது சில நிமிடங்கள்தாம். மாதத்தில் ஒரு நாள் கிளினிக், மற்ற இருபத்தொன்பது நாளும் வீடு. அந்த இருபத்தொன்பது நாளும் தாதியாக இருப்பவர் நீங்கள்தாம், சகோதரிகளே!

உங்களிடம் அன்பு இருக்கிறது. பொறுமையும் இருக்கிறது. ஆனால் பணிவிடை ஒரு கல்வியும்கூட. அகழ் யுத்தத்தில் காயமடைந்த ஸஃத் பின் முஆத் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்தது, மஸ்ஜிதுன் நபவியில் கூடாரமிட்டுக் காயங்களுக்கு மருந்திட்டுவந்த ருஃபைதா (ரழி) என்ற பெண்மணியிடம்தான். ஏனெனில் அவருக்கு அந்தத் தொழில் தெரிந்திருந்தது. அறிவு இல்லாத அன்பு சில வேளைகளில் நோயாளிக்குத் தீங்காகவே முடிந்துவிடும். எனவே பணிவிடை செய்பவர் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கு பார்ப்போம்.

சாப்பாட்டுத் தட்டு

நாம் உண்ணும் உணவைச் சக்தியாக மாற்ற இன்சுலின் என்ற ஓமோன் வேண்டும். அதைச் சுரப்பது வயிற்றுக்குள் இருக்கும் சதையி. இன்சுலின் போதாமல் போனாலோ, அது சரியாக வேலை செய்யாவிட்டாலோ இரத்தத்தில் சீனி தேங்குகிறது. இதுவே நீரிழிவு.

சீனியை மட்டும் நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். தேநீரில் சீனி இல்லை, ஆனால் தட்டில் சோறு மலைபோல் இருக்கிறது! சோறு, பாண், இடியப்பம், பிட்டு, மரவள்ளி, பலாக்காய் எல்லாமே வயிற்றுக்குள் போனபின் சீனியாகத்தான் மாறுகின்றன. குரக்கனும் சிவப்பரிசியும் நல்லவை. எனினும் அளவின்றி உண்டால் அவையும் சீனியை ஏற்றவே செய்யும்.

இலகுவான கணக்கு ஒன்று உண்டு. தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும் வையுங்கள். கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு. எஞ்சிய கால் பங்குக்கு மட்டும் சோறு. வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் பிரித்து வைக்கச் சொன்ன நபிகளாரின் உம்மத்துக்கு இது புதிய பாடமா என்ன?

தேனில் நிவாரணம் இருக்கிறது என்று குர்ஆனே கூறுகிறதே, அப்படியானால் சீனி வருத்தக்காரருக்குத் தேன் கொடுக்கலாம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். தேனில் நிவாரணம் உண்டு என்பதில் எந்த முஃமினுக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மருந்து எல்லா நோய்க்கும் எல்லா அளவிலும் பொருந்தும் என்று மார்க்கம் சொல்லவில்லை. தேனும் கித்துள் பாணியும் கருப்பட்டியும் இரத்தத்தில் சீனியை ஏற்றுபவையே. பேரீச்சம்பழத்துக்கும் அளவு உண்டு.

விருந்து வீடுகளில் "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிடுங்க" என்று வட்டிலப்பத்தை நீட்டி வற்புறுத்துவதும் அன்பல்ல. மறுக்க வெட்கப்பட்டு அதை உண்பவர் இரவு முழுவதும் அவதிப்படுவதை நாம் பார்ப்பதில்லை.

சீனி குறைந்தால்...

சீனி கூடுவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அது திடீரெனக் குறைவதும் ஆபத்து என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. இன்சுலின் போடுபவருக்கும் சில வகைக் குளிசை விழுங்குபவருக்கும் சாப்பாடு தாமதித்தால் இது நேரலாம். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வடியும், நெஞ்சு படபடக்கும். சிலர் காரணமின்றிக் கோபப்படுவர், சிலர் உளறுவர். "வாப்பாவுக்கு இன்றைக்குக் கோபம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். அது சீனி குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

குளுக்கோமீற்றர் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே காட்டினால் சீனி குறைந்துவிட்டது என்று அர்த்தம். கருவி இல்லாவிட்டாலும் தாமதிக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் தொடங்கப்பட்ட சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது. கட்டணம் கிடையாது.

கிளினிக் நாளிலும் கவனம் தேவை. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் ஊசியைப் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறுவோர் உண்டு. பாதி வழியில் மயக்கம் வரும். அன்றைய ஊசியையும் குளிசையையும் எப்போது எடுப்பது என்பதை முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

இதற்கு மாறாக, சீனி மிகவும் கூடினால் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு, சோர்ந்து உறங்குதல் என்பன தோன்றும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டிய நிலை இது. காய்ச்சலோ வாந்தியோ வந்து நோயாளி சாப்பிடாத நாளில் "சாப்பாடே இல்லை, ஊசி எதற்கு?" என்று இன்சுலினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நோயுற்ற நாளில் சாப்பிடாமலே சீனி ஏறக்கூடும். டொக்டரிடம் கேட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

மருந்தும் ஓர் அமானிதம்

கனடாவின் டொரொண்டோ நகரில் 1921இல் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து உருகி மரணிப்பதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. நோயைத் தந்த இறைவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்ற நபிமொழியின் கருத்தை இங்கு நினைத்துப் பாருங்கள். "ஊசிக்குப் போனால் கடைசிக் கட்டம்" என்று நோயாளியைப் பயமுறுத்துவது, அல்லாஹ்வின் ஓர் அருட்கொடையைத் தட்டிவிடுவதாகும்.

திறக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் உறையும் பகுதியில் வைத்தால் அது பழுதாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் தண்ணீர் படாமல் மூடி வைக்கலாம். வெயில் படும் ஜன்னலோரமும் அடுப்படியும் ஆகாது. தினமும் ஒரே இடத்தில் ஊசி போட்டால் அங்கே கட்டி விழும். அந்தக் கட்டியில் போடும் மருந்து சரியாக உடம்பில் சேராது. எனவே இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். பாவித்த ஊசியை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேருங்கள். குப்பையில் வீசினால் பிள்ளைகளின் காலில் ஏறும்.

மெற்ஃபோமின் குளிசை சிலருக்கு வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தைரொயிட் குளிசையோ இதற்கு மாறானது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது சென்ற பிறகே தேநீரும் உணவும் எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளை நான்கு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள். தைரொயிட் குறைந்த பெண்ணுக்கு உடல் கனக்கும், சோர்வு வரும், குளிரும், மறதியும் வரும். இதை அறியாமல் அவளைச் "சோம்பேறி மருமகள்" என்று பெயர் சூட்டும் வீடுகள் இருக்கின்றன. அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

மாத்தளைப் பகுதி மூலிகைக்குப் பேர்போனது. கொவக்கா இலைச் சுண்டலும் வல்லாரையும் உணவாக உண்பதில் தடையில்லை. ஆனால் யாரோ சொன்ன கசாயத்தை நம்பி டொக்டரின் மருந்தைக் கைவிடுவதும், இரண்டையும் சேர்த்து எடுத்து அதை டொக்டரிடம் மறைப்பதும் ஆபத்தானவை. எதைக் குடித்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

வுழூவின்போது பாதத்தைப் பாருங்கள்

நெடுநாள் சீனி இருந்தால் கால் நரம்புகளின் உணர்வு மங்கிவிடும். முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகிச் சீழ் பிடித்து, ஈற்றில் விரலையோ காலையோ அகற்றும் நிலை வருகிறது. இதில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியதே.

நமக்கு அல்லாஹ் ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறான். ஐவேளை வுழூவிலும் நாம் பாதம் கழுவுகிறோம். நாளுக்கு ஒரு தடவையாவது அந்த வேளையில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். முதியவருக்குக் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எதுவும் இருக்கிறதா? கழுவிய பின் விரலிடுக்கை ஒற்றித் துடைத்துவிடுங்கள். ஈரம் நின்றால் அங்கே சேற்றுப்புண் வரும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியட்டும். வெந்நீரின் சூட்டை நோயாளியின் கால் அறியாது, உங்கள் முழங்கையால் பார்த்துக் கொடுங்கள். காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. காலில் கட்டுப் போட்டிருந்தால் வுழூவுக்கும் தயம்முமுக்கும் சலுகை உண்டு. அம்முறையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுச் செய்யுங்கள். புண்ணை நனைத்துத்தான் தொழ வேண்டும் என்று மார்க்கம் கேட்கவில்லை.

எல்லாம் "கேஸ்ட்ரிக்" அல்ல

நெஞ்சு எரிந்தால் கேஸ்ட்ரிக், வயிறு ஊதினால் கேஸ்ட்ரிக் என்று நாமே பெயர் வைத்து மருந்துக் கடைக்குப் போகிறோம். இரைப்பைப் புண்ணுக்கு உறைப்பும் கவலையுமே காரணம் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1982இல் அவுஸ்திரேலியாவின் வாரன், மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் அதற்கு ஒரு பக்றீரியா முக்கிய காரணம் என்று கண்டறிந்தார்கள். 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எனவே பரிசோதித்து முறையாக மருந்தெடுத்தால் பலருக்கு அது முற்றாகக் குணமாகும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் வலிக் குளிசைகளும் இரைப்பையைப் புண்ணாக்கும். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சுவலி கடுமையாக இராமலும் போகலாம். மேல்வயிற்றில் ஓர் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ தோளிலோ வலி என்று வரலாம். அதைக் கேஸ்ட்ரிக் என்று எண்ணி, சோடாவும் இஞ்சித் தண்ணீரும் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருந்து உயிரை இழந்தவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஈரல் வருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரல் சுருங்கியது என்றதும், "குடிக்கிறவரோ?" என்று காதோடு காதாகப் பேசுவார்கள். வாழ்நாளில் மதுவைத் தொடாதவருக்கும் சீனி, உடற்பருமன் காரணமாக ஈரலில் கொழுப்பு படிந்து, நாளடைவில் அது சுருங்கலாம். நோயாளிக்கு நோயின் வேதனை போதாதா? அவர்மீது அவதூறையும் சுமத்த வேண்டுமா? இத்தகைய நோயாளிக்கு மலச்சிக்கல் ஏற்பட்டால் கழிவு மூளையைத் தாக்கித் தடுமாற்றம் வரும். அதனால்தான் நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகும்படி டொக்டர் பாணி மருந்து கொடுக்கிறார். "வயிற்றோட்டம் வந்துவிட்டது" என்று அதை நிறுத்திவிடாதீர்கள். இரவில் விழித்துப் பகலில் உறங்குவதும், பேச்சுக் குழறுவதும் ஆபத்தின் முன்னறிவிப்புகள்.

ரமழான் வருமுன்

நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய அல்லாஹ்வே அனுமதித்திருக்கிறான். கழாவுக்கும் வழியில்லாத நிரந்தர நோயாளி ஒவ்வொரு நோன்புக்கும் பித்யா கொடுக்கலாம். ஆனாலும் நமது உம்மாமார் விடுவதில்லை. டொக்டர் வேண்டாம் என்றாலும் மறைவாகப் பிடிக்கிறார்கள்.

13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளரிடம் 2001இல் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி கடுமையாகக் குறைந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நிலை, ரமழானில் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேலாக அதிகரித்திருந்தது. எல்லோரும் நோன்பை விட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. சிலரால் பாதுகாப்பாக நோற்க முடியும், சிலரால் முடியாது. யாரால் முடியும் என்பதை நோன்புக்கு ஆறு எட்டு வாரங்களுக்கு முன்பே டொக்டரைக் கண்டு தீர்மானியுங்கள். மருந்தின் நேரமும் அளவும் அப்போதே மாற்றப்பட வேண்டும்.

விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியுமா, இன்சுலின் ஊசியால் முறியுமா என்ற கேள்விகள் ஒவ்வோராண்டும் வருகின்றன. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி இதை ஆராய்ந்து, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதாலும், போசாக்கு ஏற்றாத ஊசிகளாலும் நோன்பு முறியாது எனத் தீர்மானித்தது. ஆகவே பயமின்றிப் பார்க்கலாம். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் சரி! அப்படித் திறப்பவரை "ஈமான் குறைந்தவர்" என்று பார்ப்பது அறியாமை. உயிரைக் காப்பதும் அதே இறைவனின் கட்டளைதான். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கட்டுப்படுவதுதான்.

பாரம் யாருடையது?

இனி, முதலில் சொன்ன விடயத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் நோயாளி படுத்துவிட்டால், பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அவள் மருமகள். மாமனார் மாமியாருக்கு அவள் செய்யும் பணிவிடை அவளுடைய பெருந்தன்மை. அதற்கு மகத்தான கூலி உண்டு. ஆனால் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை அல்லாஹ் பிள்ளைகளின் மீதே விதித்திருக்கிறான் என்பதை ஆண்மக்கள் மறந்துவிடக் கூடாது. உஸ்மான் (ரழி) அவர்கள் மனைவியின் படுக்கையருகே தங்கினார்கள். நமது ஆண்களில் சிலருக்குத் தாயின் குளிசைப் பெயர்கூடத் தெரியாது!

இரவில் ஒருவர், பகலில் ஒருவர் என்று முறை வையுங்கள். கிளினிக்குக்கு மகன் கூடப் போகட்டும். மலசலம் கழுவுவதும் உடை மாற்றுவதும் நோயாளியின் வெட்கம் காத்துச் செய்ய வேண்டியவை. இயன்றவரை வாப்பாவுக்கு மகனும், உம்மாவுக்கு மகளும் செய்தால் அவர்களின் மனம் நோகாது. பணிவிடை செய்பவரும் உறங்க வேண்டும், உண்ண வேண்டும். அவருக்கும் உடம்பு ஓர் அமானிதம்தானே?

ஈற்றாக உங்களிடமும் ஒரு கேள்வி, சகோதரி! எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கும் நீங்கள், உங்கள் இரத்தத்தை எப்போது பரிசோதித்தீர்கள்? 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளோடு இணைந்து ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நடைபெறுகின்றன. 35 வயதைத் தாண்டியவர்கள் அங்கே இலவசமாகச் சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொல்லியே பிந்திவிட்ட தாய்மார்கள் நம்மிடையே எத்தனையோ பேர்.

இன்று வீட்டில் இதை வாசித்துக் காட்டுங்கள். சீனி குறைந்தால் என்ன செய்வது என்பதையும் 1990 என்ற இலக்கத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் உள்ள சிறுபிள்ளைக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்கு அறிவையும் பொறுமையையும் நிறைவான கூலியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.